கடலில் குளித்த ஓட்டோ

"சத்தம் நிக்க வேணும். இல்லாட்டி வண்டி போக வேணும்" என்று சரீப் சொல்லிவிட்டார்.

சொன்னது சோற்றுக்கு முன்னால் இருந்து, பாதி நித்திரையில். ஆனாலும் ஸெய்னுதீனுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. சரீப் அவருடைய தங்கை சுபைதாவின் கணவர். சவூதியில் ஒரு துறைமுகத்தில் இரவு வேலை பார்க்கிறவர். லீவில் வந்து நின்றார், அடுத்த கிழமை திரும்பப் போகிறார். வண்டி அவர் அனுப்பிய காசில் வந்தது, சுபைதாவின் பெயரில் ஓடுவது. ஓட்டுகிறவர் மட்டும்தான் ஸெய்னுதீன்.

"பழுதான சாமானை இவள்ர தலையில கட்டிப்போட்டு நான் பிளேன் ஏற ஏலாது மச்சான்" என்றார் சரீப். "டவுண்ல உடைச்சு விக்கிற ஆள் ஒருத்தர் இரிக்கார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வந்து பாக்கச் சொல்லியிரிக்கன். அதுக்குள்ள சத்தம் நிண்டா ஆளைத் திருப்பி அனுப்பிருவன்."

"ஓம் மச்சான், பாப்பம்" என்றார் ஸெய்னுதீன்.

அவர் வாயில் எப்போதும் வருவது அந்த ஒன்றுதான். கிண்ணியாவில் அவரிடம் யார் எதைக் கேட்டாலும் ஓம் என்பார். விடியப் புறத்தில் மீன் பெட்டி ஏற்ற வேண்டுமா, ஓம். கலியாண வீட்டுக் கதிரைகளைக் கொண்டுபோய் இறக்க வேண்டுமா, ஓம். ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக வேண்டுமா, அதற்கும் ஓம். 'ஏலாது' என்ற சொல்லை அவர் மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாரே தவிர, தான் சொன்னதாக ஊரில் எவருக்கும் ஞாபகம் இல்லை. ஐம்பது தாண்டிய உடம்பில் முழங்காலும் தோளும் ஒவ்வொரு ஓமுக்கும் ஒவ்வொரு விலை கொடுத்துக்கொண்டிருந்தன.

வண்டி போனால் அவருக்கு வேறு போக்கில்லை. முன்பு ஒற்றை மாட்டுக் கரத்தை வைத்திருந்தார். துறையடியிலிருந்து மூட்டை ஏற்றுவது, சந்தைக்கு விறகு கொண்டுபோவது என்று இருபது வருடத்துக்கு மேல் அதுதான் பிழைப்பு. ஓட்டோ வந்த மாதமே கரத்தையையும் மாட்டையும் மூதூர்ப் பக்கத்து வயற்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மாட்டுக்கும் ஓட்டோவுக்கும் சேர்த்துத் தீனி போட அவரால் முடியாது. இனி வண்டியும் போனால், துறையடியில் மற்றவர் வண்டிக்கு மூட்டை தூக்கிப்போடும் கூலிதான். அந்த முழங்காலோடு எத்தனை மூட்டை தூக்குவது?

சத்தம் வந்து ஒரு மாதமிருக்கும். முதலில் மூன்றாம் கியரில் மட்டும் ஒரு தும்பி இரைவது போலக் கேட்டது. பிறகு இரண்டாம் கியருக்கும் இறங்கியது. இப்போது வண்டி வருவதற்கு முன்பே அதன் ஊளை வந்துவிடும். திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மற்ற ஓட்டோக்காரர்கள் வானத்தைப் பார்த்துக் கையை நெற்றியில் வைத்து, "கெலிகொப்டர் வருது, ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்பார்கள். ஸெய்னுதீன் சிரித்துவிட்டுப் போவார். சிரிப்பதற்கும் களைப்பாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிய கையோடு ஸெய்னுதீன் துறைக்குப் போனார். கிண்ணியாவிலிருந்து அக்கரை போவதற்குப் பாலமில்லை. 'பாதை' என்று எல்லோரும் சொல்கிற தட்டை மிதவையில் பஸ்ஸும் லொறியும் சைக்கிளும் மனிதர்களும் ஒன்றாக ஏறித்தான் போக வேண்டும். ஓட்டோவை ஒரு விறகு லொறிக்குப் பின்னால் ஒடுக்கி நிறுத்திவிட்டு, அதன் கம்பியில் சாய்ந்தபடி நின்றார். நின்றபடியே கொஞ்சம் கண்ணயர்ந்தார். அக்கரையில் மிதவை முட்டியபோதுதான் விழித்தார்.

சூசைப்பிள்ளையின் வளவு உட்துறைமுகப் பக்கம், கடலைப் பார்த்துச் சரிந்த ஒரு துண்டு நிலம். வெள்ளைக்காரர்களின் கடற்படை இருந்த காலத்தில் அங்கே பிட்டராக இருந்தவர் சூசைப்பிள்ளை. அவர்கள் போன பிறகு லொறி, டிராக்டர், மிசின் போட்ட வள்ளம் என்று கிடைத்ததையெல்லாம் பழுது பார்த்தார். இப்போது ஓட்டோவும் வந்துவிட்டது. கைவேலைக்காரரை மரியாதையாகச் சொல்கிற பாஸ் என்ற பேரால்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் ஸெய்னுதீனை, முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவது போல, காக்கா என்பார்.

வண்டி வாசலுக்கு வருமுன்பே அவர் வெளியே வந்து நின்றார்.

"நிப்பாட்ட வேண்டாம், நிப்பாட்ட வேண்டாம்! சூட்டோட கொண்டு வாங்கோ. அந்தப் பலகையில முன் சில்லை ஏத்துங்கோ காக்கா."

நிலம் சரிந்திருந்ததால் முன் சில்லுக்குக் கீழே ஒரு தடித்த பலகை வைத்து வண்டியை மட்டமாக நிறுத்துவது அவருடைய வழக்கம். கியர் ஒயில் மாற்றுவதற்கு இரண்டு சங்கதி வேண்டும். கியர் பெட்டி சூடாக இருக்க வேண்டும், வண்டி மட்டமாக நிற்க வேண்டும். சூடில்லாவிட்டால் பழைய ஒயில் முழுதாக இறங்காது. மட்டமில்லாவிட்டால் புது ஒயிலின் அளவு பொய் சொல்லும்.

"சத்தம் எப்ப துவங்கினது?"

"ஒரு மாசமிரிக்கும் பாஸ்."

"ஒரு மாசமா இந்த ஊளையோட ஓடினனீங்களோ? மனுசன் பல்லுக் கொதிக்குதெண்டா அண்டைக்கே ஓடுறான். வண்டிக்குப் பல்லுக் கொதிச்சா ஒரு மாசமோ?"

"ஒவ்வொரு நாளும் ஒரு ஹயர் ஓட்டம் இரிந்திச்சு" என்றார் ஸெய்னுதீன். அது உண்மைதான்.

சூசைப்பிள்ளை சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, வண்டியின் பின்பக்கம் இருக்கைக்குக் கீழே தொங்குகிற கியர் பெட்டிக்கடியில் தலையை விட்டார். எஞ்சினின் ஓட்டத்தைப் பின் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற பற்சில்லுகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். ஒயிலில் முங்கியிருந்தால்தான் அவை வாழும்.

"இப்ப நான் இதைத் திறக்கிறன். துண்டு துண்டா இரும்பு வந்தா பல்லு உடைஞ்சு போச்சு. பிறகு நான் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை, வண்டியை உடைச்சு விக்கிற ஆளிட்டையே கொண்டு போங்கோ. வெறும் தூள் வந்தா பார்க்கலாம். விளங்குதோ?"

"விளங்குது."

ஸெய்னுதீன் குந்தினார். முழங்கால் கிறுக்கென்றது. அதையும் பொருட்படுத்தாமல் குனிந்து பார்த்தார். பெட்டியின் அடியிலிருந்த நட் கழன்றதும், கீழே வைத்திருந்த தகரப் பேசினுக்குள் ஒயில் விழுந்தது. கறுப்பாக வரும் என்று காத்திருந்தவருக்கு விளங்கவில்லை. வெளிறிப்போய், நுரைத்துக்கொண்டு, பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

சூசைப்பிள்ளை வெளியே வந்து எழும்பி இருந்து பேசினைப் பார்த்தார். பிறகு ஸெய்னுதீனைப் பார்த்தார்.

"என்ன காக்கா, சீனி போட்டுத்தான் வாத்தனீங்களோ?"

"பாஸ், இது என்ன?"

"தண்ணி. ஒயிலோட தண்ணி கலந்தா இந்த நிறம்தான். மாரியில வெள்ளத்துக்கால ஓடின வண்டியளில கண்டிருக்கிறன். இது ஆடி மாசம். எங்கயிருந்து வெள்ளம் வந்தது உங்களுக்கு?"

"வெள்ளத்துல ஓடல்ல பாஸ். அல்லாஹ்வுக்காக, ஓடல்ல."

சூசைப்பிள்ளை அதில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெயிலில் வைத்தார். வானொலிப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தம் அவரிடம் இருந்தது. அதைப் பேசினுக்குள் விட்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். காந்தத்தில் பூனை மயிரைப் போலக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சூசைப்பிள்ளை அதை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார், வெயிலுக்குக் காட்டினார், திரும்பவும் தேய்த்தார்.

"தூள்தான்" என்றார் கடைசியில். "பல்லு இருக்கு. தேயத் துவங்கியிருக்கு, ஆனா இருக்கு."

ஸெய்னுதீன் பக்கத்திலிருந்த டயரில் இருந்துவிட்டார்.

சூசைப்பிள்ளையின் மனைவி ஐவி குசினியிலிருந்து இரண்டு கோப்பை வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இண்டைக்குப் பால் இல்லை அண்ணை" என்றார். இருவரும் பேசினைப் பார்த்துவிட்டுச் சிரித்ததன் காரணம் அவருக்கு விளங்கவில்லை.

தேத்தண்ணி குடித்து முடிய சூசைப்பிள்ளை போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் பிரிந்திருந்தது. மேலே நின்றதை வடித்து ஊற்றிவிட்டு, அடித்தண்ணீரில் விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்தார். உடனே துப்பினார்.

"மழைத் தண்ணி உப்புக் கரிக்காது காக்கா. இது கடல். உண்மையைச் சொல்லுங்கோ, வண்டியை எங்க இறக்கினனீங்கள்?"

ஸெய்னுதீன் யோசித்தார். எங்குமே இறக்கவில்லை. கடலுக்குள் யாராவது ஓட்டோ விடுவார்களா? கழுவுவதற்கு மட்டும்தான்…

"காலமை கழுவுறனான்" என்றார் மெல்ல.

"எங்க?"

"துறையில."

"எவ்வளவு தண்ணிக்குள்ள?"

ஸெய்னுதீன் எழும்பி நின்று, தன் தொடையில் கையை வைத்துக் காட்டினார்.

சூசைப்பிள்ளை கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "சூட்டோடயோ?"

"சூட்டோடதான் பாஸ். மீன் ஏத்தி ஓடினாப் பிறகு வண்டி கொதிச்சிக் கிடக்கும். சூடு ஆற வேணுமே. அப்படியே கொஞ்ச நேரம் தண்ணிக்க விடுவன். சுல்தானையும் அப்படித்தான் குளிப்பாட்டுறனான்."

"ஆர் சுல்தான்?"

"என்ட மாடு."

சூசைப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், தோள் இரண்டும் குலுங்கின. "குளிப்பாட்டினனீங்கள். ஓட்டோவைக் குளிப்பாட்டினனீங்கள்! இஞ்ச பாருங்கோ காக்கா." பெட்டியின் மேற்புறத்தில் ஊசி நுழைகிற அளவு துளை ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "சூடான பெட்டி குளிர்ந்த தண்ணிக்க போனா மூச்சு இழுக்கும். இதுதான் அதுக்கு மூக்கு. மூச்சோட கடலையும் இழுத்திருக்கு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சொட்டு."

"மாட்டுக்கும் மூக்கு இரிக்குத்தானே பாஸ்?"

"மாடு தண்ணிக்க இறங்கினா மூக்கைத் தூக்கிப் பிடிக்கும். இது பிடிக்குமோ?"

ஸெய்னுதீன், துறையில் தண்ணீருக்குள் நிற்கும்போது தலையை மட்டும் உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற சுல்தானை நினைத்தார். எவ்வளவு புத்தியான மாடு.

பெட்டியைக் கழுவி எடுக்க மத்தியானமாகிவிட்டது. சூசைப்பிள்ளை மலிவான ஒயிலோடு கொஞ்சம் டீசல் கலந்து ஊற்றினார். பின் சில்லுகளை மரக்குற்றிகளில் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரம் சுழலவிட்டு வடித்தார். வந்தது பால் தேத்தண்ணி. திரும்பவும் ஊற்றி வடித்தார். இந்த முறை கொஞ்சம் சாயம் கூடியிருந்தது. மூன்றாம் முறையும் வடித்துப் பார்த்து, வெள்ளை இல்லை என்று கண்ட பிறகுதான் திருப்திப்பட்டார். இதற்குள் ஸெய்னுதீன் குற்றி தூக்கினார், பேசினை மாற்றினார், டீசல் இருந்த தகரப் பேணியைக் கொண்டுவந்தார்.

"சும்மா இருங்கோவன் காக்கா. உங்களை ஆர் கேட்டது?"

"ஓம் பாஸ், இரிக்கன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த குற்றியைத் தூக்கினார்.

கடைசியில் நட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டு முறுக்கி, குற்றிகளை எடுத்து வண்டியைப் பலகையில் மட்டமாக நிறுத்தி, பக்கத்துத் துவாரத்தால் புதுக் கியர் ஒயிலை விட்டார்கள். தேனைப் போலத் தடிப்பாக, சோம்பலாக இறங்கியது. துவாரத்தின் விளிம்பில் நிரம்பி ஒரு சொட்டு வெளியே வந்து விழும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொட்டுத்தான் போதும் என்பதற்கு அடையாளம்.

பழைய ஒயிலை வழக்கமாக வள்ளக்காரர்கள் வந்து கேட்டு வாங்கிப் போவார்கள், வள்ளத்தின் அடிப்பலகைக்குப் பூச. இதை அவர்களும் வாங்க மாட்டார்கள். "வள்ளத்துக்குப் பூச ஒயில்தான் வேணும், கடல் வேண்டாம். கடல் அதுகளிட்ட இருக்கு" என்று சொல்லி, சூசைப்பிள்ளை அதை வேலிக் கட்டைகளின் அடியில் ஊற்றினார், கறையானுக்கு.

"இனித் தண்ணிக்க இறக்கினா என்னட்ட வராதீங்கோ. கதை முடிஞ்சுது."

"அப்ப மீன் மணம் பாஸ்? பள்ளிக்கூடப் புள்ளையள் இரிக்கிற சீட்."

"கிணத்தில அள்ளி வாளியால கழுவுங்கோ."

திரும்பி வரும் வழியெல்லாம் ஸெய்னுதீனுக்கு அந்த வாளிதான் மனதில் நின்றது. மீன் ஏற்றி முடிவதற்கும் பிள்ளைகள் வருவதற்கும் இடையில் கிடைப்பது ஒரு சொட்டு நேரம். அதற்குள் கிணற்றில் அள்ளி, சுமந்து, கழுவி, துடைத்து… தோள் இப்போதே வலித்தது. மூன்றாம் கியர் போட்டு வெகுதூரம் வந்த பிறகுதான் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. ஊளை இல்லை. கூடாரத் துணி காற்றில் படபடப்பதும், தகரம் ஒன்று கிலுகிலுப்பதும், ஒரு மாதமாகக் கேட்காத மற்றச் சத்தங்கள் எல்லாம் கேட்டன. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அதைப் பிறகு பட்டுக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் சுபைதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்து நின்ற பிறகே நிமிர்ந்து பார்த்தாள்.

"காக்கா! எப்ப வந்த? சத்தமே கேக்கல்லயே!"

ஸெய்னுதீன் இறங்கவில்லை. கைகள் இரண்டும் ஹாண்டிலில் கிடந்தன. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மறந்துபோகுமுன் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

"தங்கச்சி, இனி என்னால ஏலாது."

சுபைதாவின் கையில் சுளகு நின்றது. அந்தச் சொல்லை அவர் வாயால் அவள் கேட்டதேயில்லை. "என்ன காக்கா? சுகமில்லையா? என்ன ஏலாது?"

"காலமையில வண்டி கழுவுறது. கடல்ல இறக்கித்தான் கியர் பழுதாப் போச்சாம், பாஸ் சொல்றார். வாளி வாளியா அள்ளிக் கழுவ எனக்கு ஏலாது. மீனை விடு எண்டாலும் சரி, புள்ளையள விடு எண்டாலும் சரி. ரெண்டும் எண்டா ஏலாது."

"ஆரு உங்கள ஒவ்வொரு நாளும் கழுவச் சொன்ன?"

"நீதானே."

"நானா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "வண்டி வந்த புதுசுல ஒரு நாள் சீட்டுல செதில் ஒட்டிக் கிடந்திச்சு. அதக் கழுவுங்க எண்டு சொன்னன். அண்டைக்கு ஒரு நாள், காக்கா!"

ஸெய்னுதீன் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மீன் மணம்…" என்றார்.

"அது எப்பவும் மணக்கும்தானே. கழுவினாலும் மணக்கும், கழுவாட்டியும் மணக்கும். புள்ளையள் அதுக்கு மீன்பெட்டி எண்டுதான் பேர் வெச்சிரிக்குதுகள். உங்களுக்குத் தெரியாதா? 'உம்மா, மீன்பெட்டி வந்திட்டு, நான் போறன்' எண்டுதான் ஒவ்வொண்டும் கத்திக்கிட்டு வருதுகள்." அவள் சுளகைத் தட்டினாள். "சீட்டுக்கு ஒரு பழைய சீலைய விரிச்சாப் போதும். நான் தைச்சுத் தாறன். எனக்கிட்டச் சொல்லியிரிக்கலாமே காக்கா, களைப்பா இரிக்கி எண்டு?"

சொல்லியிருக்கலாம்தான். அவருக்குத் தோன்றவில்லை. ஒரு வருடமாக விடியலில் தொடைவரை தண்ணீரில் நின்று, குளிரில் முழங்கால் விறைக்க, ஒருவரும் கேட்காத வேலையைச் செய்திருக்கிறார். கோபம் வரும்போல இருந்தது. யாரோடு கோபிப்பது என்று பார்த்தார். ஒருவரும் அகப்படவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து சரீப் வந்தார். "எங்க, எடுங்க பாப்பம்" என்று பின் சீட்டில் ஏறி இருந்தார். காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறவர் போல முன்னால் சாய்ந்து, கை இரண்டையும் தொடையில் ஊன்றியிருந்தார். ஸெய்னுதீன் வண்டியை எடுத்தார். முதலாம் கியர், இரண்டாம் கியர். கடைத்தெரு தாண்டி ஒழுங்கான வீதிக்கு வந்ததும் மூன்றாம் கியர் போட்டார். தூள்தான் என்று பாஸ் சொன்னாரே. பல்லு இருக்கு என்று சொன்னாரே.

பின்னாலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வேகம் கூட்டினார். குறைத்தார். ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினார். அப்போதும் சரீப் பேசவில்லை. ஆள் ஏதோ கண்டுபிடித்துவிட்டார், அதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார் என்று ஸெய்னுதீன் நினைத்தார். திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தார்.

எங்கே போகிறோம் என்று நினைக்காமல் ஓட்டியதில் வண்டி பழக்கப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. துறை இறக்கத்தில் இறங்கி, தண்ணீர் கண்ணுக்கு முன்னால் பளபளத்தபோதுதான் பிரேக்கை மிதித்தார். முன் சில்லு ஈர மணலில் போய் நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் கடல்.

அந்தக் குலுக்கலில் பின்னால் ஒருவர் "ஆ!" என்று பதறி எழும்பினார். ஸெய்னுதீன் திரும்பிப் பார்த்தார். சரீப் வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் முழித்துப் பார்த்தார்.

"மச்சான்… நித்திரையா?"

"சும்மா கண்ண மூடினன்" என்றார் சரீப். பிறகு, பொய் சொல்லவும் அலுத்தவர் போல, "ராவெல்லாம் வேலை செய்து பழகின உடம்பு. இஞ்ச வந்தும் கட்டில்ல நித்திரை வருகிதில்ல. இதுல ஏறினதும் வந்திட்டு" என்றார்.

"அப்ப சத்தம்?"

"கேக்கல்ல."

"நீங்க நித்திரையில்லவா?"

"அதத்தான் சொல்றன் மச்சான். போன கிழமை இதுல ஏறினா நித்திரை வருமா?" சரீப் இறங்கி நின்று உடம்பை முறித்தார். "நாளைக்கு அந்த ஆள் வந்தா ஒரு தேத்தண்ணியக் குடுத்து அனுப்பிருவம். வண்டி உங்களிட்டயே இரிக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா இதுக்குள்ள ஒரு மணம் இரிக்கே மச்சான்" என்றார்.

"மீன்பெட்டி" என்றார் ஸெய்னுதீன்.

சரீப் துறையடியில் தெரிந்த ஒருவரைக் கண்டு கதை கொடுக்கப் போய்விட்டார். ஸெய்னுதீன் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, காய்ந்த மணலில் நிறுத்தி, ஒரு சில்லுக்குக் கல்லும் வைத்தார். எஞ்சின் சூட்டில் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. அக்கரையிலிருந்து பாதை மெல்ல மிதந்து வந்துகொண்டிருந்தது. அது வந்து சேர நேரமெடுக்கும், அதில் இறங்குகிறவர்களில் ஒருவராவது அவரிடம் வந்து ஏதாவது கேட்பார்.

அதுவரைக்கும் நேரமிருந்தது. சாரத்தைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, தான் மட்டும் தண்ணீருக்குள் இறங்கினார். வெயில் பட்டுக் கிடந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால் மெல்ல இளகியது. தலையை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.